மனநல மருத்துவர் ஆகணுமா? பிளஸ் 2 முதல் எம்.டி. வரை என்ன படிக்கணும், எப்படித் தயாராகணும்?

"டாக்டருக்குப் படிச்சு என்ன டாக்டர் ஆகப்போற?"

"சைக்கியாட்ரிஸ்ட்."

அவ்வளவுதான். வீடே ஒரு நிமிஷம் அமைதியாகிவிடும். அப்புறம் அப்பா மெதுவாக ஆரம்பிப்பார்: "ஏம்மா, ஹார்ட் இருக்கு, எலும்பு இருக்கு, குழந்தைங்க டாக்டர் இருக்கு. அதையெல்லாம் விட்டுட்டு பைத்தியக்கார டாக்டரா?" பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி, "அவங்களோடயே பழகிப் பழகி உனக்கும் ஏதாச்சும் ஆகிடப்போகுது கண்ணு" என்பார்.

இந்தக் காட்சி உங்க வீட்டிலும் நடந்திருக்கலாம். மனநல மருத்துவராக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகளுக்கு முதல் தடை நீட் தேர்வு இல்லை. பெரும்பாலும் இந்தப் பேச்சுதான். ஆனால் நம்ம நாட்டில் ஆள் பற்றாக்குறை மிக அதிகமாக இருக்கும் மருத்துவத் துறைகளில் இதுவும் ஒன்று. இந்தப் படிப்புக்கு என்ன வழி, எத்தனை வருஷம் ஆகும், மதிப்பெண்ணைத் தாண்டி வேறென்ன பழகிக்கொள்ள வேண்டும்? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

ஏன் இவ்வளவு தேவை?

பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16ல் தேசிய மனநல ஆய்வு ஒன்றை நடத்தியது. தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாகப் போய் எடுக்கப்பட்ட ஆய்வு அது. 18 வயதுக்கு மேற்பட்டவர்களில் 10.6 சதவீதம் பேருக்கு அந்த நேரத்தில் ஏதோ ஒரு மனநலப் பாதிப்பு இருந்தது தெரியவந்தது. அதாவது, சுமாராக 10 பேரில் ஒருவர்.

அதைவிட முக்கியமான இன்னொரு தகவலும் அதில் இருந்தது. பாதிப்பு உள்ளவர்களில் பெரும்பாலானோர் சிகிச்சையே பெறவில்லை. நோயைப் பொறுத்து இந்த இடைவெளி 70 முதல் 92 சதவீதம் வரை இருந்தது.

காரணம் பல. வெட்கம், பணம், தூரம், 'இதெல்லாம் நோயா?' என்ற எண்ணம். கூடவே, டாக்டர் இல்லை என்பதும் ஒரு காரணம். இந்தியாவில் ஒரு லட்சம் பேருக்கு 0.75 மனநல மருத்துவர்தான் இருக்கிறார் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2023ல் சுட்டிக்காட்டியது. ஒரு லட்சத்துக்கு ஒருவர்கூட முழுசாக இல்லை. குறைந்தது 3 பேராவது தேவை என்பது துறை சார்ந்தவர்களின் கணக்கு.

ஆக, இந்தப் படிப்பை முடித்தவருக்கு வேலை இருக்குமா என்ற கவலை தேவையில்லை.

சைக்கியாட்ரிஸ்ட், சைக்காலஜிஸ்ட் ரெண்டும் ஒண்ணா?

இல்லை. நிறைய பேர் குழம்பும் இடம் இதுதான். பிளஸ் 1-ல் எந்த குரூப் எடுக்கணும் என்பதே இதைப் பொறுத்துதான் முடிவாகும். அதனால் தெளிவாகப் புரிந்துகொள்வது நல்லது.

மனநல மருத்துவர்: அதாவது சைக்கியாட்ரிஸ்ட். இவர் முதலில் எம்.பி.பி.எஸ். முடித்த டாக்டர். அதற்கு மேல் மனநலத்தில் எம்.டி. அல்லது டி.என்.பி. முடித்தவர். நோயைக் கண்டறிவார், மருந்து எழுதுவார், ரத்தப் பரிசோதனை, ஸ்கேன் எழுதிக் கொடுப்பார், தேவைப்பட்டால் வார்டில் சேர்ப்பார்.

மருத்துவ உளவியலாளர்: அதாவது கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட். இவர் உளவியல் படித்தவர். பேச்சு வழிச் சிகிச்சை, நுண்ணறிவுச் சோதனை, ஆளுமைச் சோதனை போன்றவை இவர் வேலை. மருந்து எழுத முடியாது. இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு செய்திருக்க வேண்டும். இதற்கு நீட் தேவையில்லை. பிளஸ் 2-வில் பயாலஜி எடுக்காதவர்களும் போகலாம். இந்தத் துறையின் படிப்புகள் சமீப வருஷங்களில் பெயரும் அமைப்பும் மாறி வருகின்றன. அதனால் கல்லூரியில் பணம் கட்டுவதற்கு முன், அந்தப் படிப்புக்கு மறுவாழ்வு கவுன்சில் அங்கீகாரம் இருக்கிறதா என்று கவுன்சிலின் இணையதளத்திலேயே பார்த்துவிடுங்கள்.

மனநல சமூகப் பணியாளர், மனநல செவிலியர்: நோயாளி குணமாகி வீட்டுக்குப் போன பிறகு வேலை, குடும்பம், கடன், அக்கம்பக்கம் என்று எல்லாவற்றையும் சமாளிக்க உதவுபவர் சமூகப் பணியாளர். வார்டில் 24 மணி நேரமும் நோயாளியைக் கவனிப்பவர் செவிலியர். நோயாளியின் நடவடிக்கையில் வரும் சின்ன மாற்றத்தை முதலில் கவனிப்பவரும் பெரும்பாலும் அவர்தான்.

நால்வரும் ஒரே குழு. 'டாக்டர் ஆக முடியலைன்னா மத்தது' என்று வரிசை போட்டுப் பார்க்க வேண்டாம். மருந்து, உடல், மூளை பற்றிய ஆர்வம் இருந்தால் மருத்துவம். பேச்சு வழிச் சிகிச்சையிலும் சோதனைகளிலும் ஆர்வம் இருந்தால் உளவியல். குடும்பம், சமூகம் என்று களத்தில் இறங்க விருப்பம் இருந்தால் சமூகப் பணி. இப்படி யோசித்தால் முடிவெடுப்பது சுலபம்.

பிளஸ் 2-வில் இருந்து எத்தனை வருஷம்?

மனநல மருத்துவர் பாதையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

பிளஸ் 2: இயற்பியல், வேதியியல், உயிரியல் கட்டாயம். உளவியல் பாடம் எடுத்திருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை.

நீட்: எம்.பி.பி.எஸ். சேர நீட் தேர்ச்சி வேண்டும். தமிழ்நாட்டில் அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் நடைமுறையில் இருக்கிறது.

எம்.பி.பி.எஸ்.: நாலரை வருஷப் படிப்பு, ஒரு வருஷம் ஹவுஸ் சர்ஜன் பயிற்சி. மொத்தம் ஐந்தரை வருஷம்.

பி.ஜி. நுழைவுத் தேர்வு: பெரும்பாலான கல்லூரிகளுக்கு நீட் பி.ஜி. எழுத வேண்டும். எய்ம்ஸ், புதுச்சேரி ஜிப்மர், நிம்ஹான்ஸ் போன்ற தேசிய நிறுவனங்களுக்கு ஐ.என்.ஐ.சி.இ.டி. என்ற தனித் தேர்வு.

எம்.டி. மனநலம்: 3 வருஷம். டி.என்.பி. படிப்பும் 3 வருஷம்தான்.

இவ்வளவும் தடங்கல் இல்லாமல் போனால் 26, 27 வயதில் மனநல மருத்துவர் ஆகிவிடலாம். நுழைவுத் தேர்வுகளுக்காக ஒரு வருஷம், இரண்டு வருஷம் கூடுதலாக ஆவது சகஜம். அதையும் கணக்கில் வைத்துத் திட்டமிடுங்கள்.

மேலும் படிக்க விரும்பினால் குழந்தைகள் மற்றும் வளரிளம் பருவ மனநலம், முதியோர் மனநலம், போதை மீட்பு மருத்துவம் ஆகியவற்றில் டி.எம். படிப்புகள் இருக்கின்றன. நிம்ஹான்ஸ் இதற்குப் பெயர் பெற்ற இடம்.

'மனசுதானே... அதுக்கு எதுக்கு இவ்ளோ மருத்துவம்?'

இப்படி ஒரு கேள்வி வரும். ஒரு உதாரணம் பார்ப்போம்.

பைக் விபத்தில் கால் முறிந்து ஒருவர் ஆஸ்பத்திரியில் சேர்கிறார். முதல் நாள் நன்றாகத்தான் பேசுகிறார். மூன்றாம் நாள் ராத்திரி திடீரென்று கை நடுங்குகிறது. வியர்த்துக் கொட்டுகிறது. "சுவத்துல பூச்சி ஊருது, எடுங்க" என்று கத்துகிறார். மனைவியையே அடையாளம் தெரியவில்லை. கூட இருக்கும் சொந்தக்காரர்கள், "காத்து கருப்பு பட்டிருக்கும், விபூதி வாங்கிட்டு வரேன்" என்கிறார்கள். வார்டில் இருந்து மனநல டாக்டருக்கு போன் போகிறது.

அவர் வந்து கேட்கும் முதல் கேள்வி: "கடைசியா எப்போ குடிச்சார்?"

தினமும் அதிகமாகக் குடித்து வந்தவர், விபத்தால் திடீரென நிறுத்தியிருக்கிறார். குடியை நிறுத்திய இரண்டு மூன்று நாட்களில் சிலருக்கு இப்படி ஒரு கடுமையான நிலை வரும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. சரியான நேரத்தில் மருந்தும், தயமின் என்ற பி1 வைட்டமின் ஊசியும் கொடுத்தால் சில நாட்களில் அவர் பழைய ஆளாகிவிடுவார்.

இதே மாதிரி நிறைய இருக்கிறது. நேற்று வரை நன்றாக இருந்த பாட்டி இன்று ராத்திரி குழப்பமாகப் பேசினால், அது சிறுநீர்த் தொற்றாக இருக்கலாம். ரத்தத்தில் உப்புச்சத்து குறைந்ததாக இருக்கலாம். எதிலும் பிடிப்பே இல்லை, எப்போதும் அசதி என்று வரும் பெண்ணுக்கு தைராய்டு குறைபாடு இருக்கலாம். மனநோய் என்று முடிவு செய்வதற்கு முன் இவை எல்லாவற்றையும் யோசித்துப் பார்க்க வேண்டியவர் மனநல மருத்துவர்.

அதனால்தான் 'எனக்கு மனநலம் மட்டும் போதும்' என்று நினைத்து எம்.பி.பி.எஸ்.ஸில் மற்ற பாடங்களைக் கோட்டை விடக் கூடாது. பொது மருத்துவமும் நரம்பியலும் இந்தத் துறையின் அஸ்திவாரம்.

எம்.பி.பி.எஸ். படிக்கும்போதே என்ன செய்யலாம்?

இங்கே ஒரு சிக்கல். எம்.பி.பி.எஸ். இறுதித் தேர்வில் மனநலத்துக்குத் தனித் தாள் கிடையாது. பொது மருத்துவத் தேர்வுக்குள் ஒரு பகுதியாக வரும். வார்டு போஸ்டிங்கும் சில வாரங்கள்தான். ஹவுஸ் சர்ஜன் வருஷத்தில் 2 வாரம் கட்டாயம். பல மாணவர்கள் அந்த இரண்டு வாரத்தை ரெஸ்ட் எடுக்கும் நாட்களாக நினைத்துவிடுவார்கள்.

இந்தத் துறைக்கு வர நினைக்கும் மாணவர் அப்படி விடக் கூடாது. அந்த நாட்களில் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள்.

ஒரு நோயாளியை முழுசாகப் பாருங்கள். ஓ.பி.யில் 40 பேரை எட்டிப் பார்ப்பதைவிட, வார்டில் ஒரே ஒருவரிடம் அனுமதி கேட்டு முக்கால் மணி நேரம் உட்காருங்கள். எப்போது ஆரம்பித்தது, தூக்கம், பசி, வேலை, குடும்பம் என்று எல்லாவற்றையும் கேட்டு எழுதுங்கள். அப்புறம் அவர் குடும்பத்தாரிடம் அதே கதையைக் கேளுங்கள். இரண்டு கதைக்கும் உள்ள வித்தியாசம் நிறைய சொல்லிக்கொடுக்கும்.

மனநிலைப் பரிசோதனையைப் பழகுங்கள். இதயத்துக்கு ஸ்டெதாஸ்கோப் மாதிரி இந்தத் துறைக்கு இது. தோற்றம், பேச்சு, உணர்ச்சி, சிந்தனை, குரல் கேட்பது போன்ற அனுபவங்கள், நினைவாற்றல், தன் நோயைப் பற்றிய புரிதல் என்று வரிசையாகக் கவனித்து எழுதும் முறை. நோயாளி சொன்னதை அவர் வார்த்தையிலேயே எழுத வேண்டும். "குழப்பமாகப் பேசினார்" என்று எழுதுவதைவிட, அவர் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுதுவதுதான் சரி.

ஒரே புத்தகத்தில் ஆரம்பியுங்கள். நீரஜ் அஹூஜா எழுதிய சிறிய பாடநூல் எம்.பி.பி.எஸ். மாணவர்களிடம் பரவலாக இருக்கிறது. கப்லான், சாடாக் போன்ற பெரிய புத்தகங்கள் எம்.டி.யில் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்சார்ஜ் ஆகிப் போனவரைத் திரும்பப் பாருங்கள். சேர்ந்த அன்று யாரிடமும் பேசாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவர், ரெண்டு மாசம் கழித்து மாத்திரை வாங்க வரும்போது "என்ன தம்பி, பரீட்சை எழுதிட்டியா?" என்று கேட்டால், இந்தத் துறையைப் பற்றிய பயம் தானாகப் போய்விடும். குணமாகிறவர்களை நாம் பார்ப்பதே இல்லை என்பதால்தான், 'இதெல்லாம் குணமாகாது' என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம்.

நீட் பி.ஜி. ரேங்க் எல்லாப் பாடங்களையும் சேர்த்துத்தான் வரும். மனநலத்தில் இருந்து வரும் கேள்விகள் குறைவு. அதனால் ஆர்வம் ஒரு பக்கம் இருந்தாலும், தேர்வுக்கான படிப்பு எல்லாப் பாடத்துக்கும் இருக்க வேண்டும்.

நோயாளி பேசும் தமிழ் தெரியணும்

பாடப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கும். ஆனால் நோயாளி "எனக்கு டிப்ரஷன்" என்று சொல்லிக்கொண்டு வர மாட்டார். அதுவும் கிராமத்தில் இருந்து வருபவர் சொல்லவே மாட்டார்.

"நெஞ்சு பாரமா இருக்குங்க." "உடம்பெல்லாம் எரியுது." "தலை கனமாவே இருக்கு." "கை கால் அசதி, எந்திரிக்கவே முடியல." "படபடன்னு வருது." "ஒண்ணும் பிடிக்கல, சோறு இறங்கல." "மனசு சரியில்ல."

இப்படித்தான் வருவார். பல நேரம் இதய டாக்டர், வயிறு டாக்டர் என்று நாலு இடம் போய், எல்லா டெஸ்ட்டும் நார்மல் என்று வந்த பிறகுதான் இங்கே வருவார். "உங்களுக்கு ஒண்ணும் இல்ல" என்று நாலு பேர் சொன்னதைக் கேட்டு நொந்து போயிருப்பார். வலி அவருக்கு உண்மைதானே? முதலில் அதை ஒத்துக்கொள்ளும் டாக்டரிடம்தான் அவர் மீதியைச் சொல்வார்.

சேலத்தில் சொல்வது மாதிரி தூத்துக்குடியில் சொல்ல மாட்டார்கள். வயதான ஆண் அழ மாட்டார், கோபப்படுவார். புதுசாகக் கல்யாணம் ஆன பெண் மாமியார் பக்கத்தில் இருந்தால் வாயே திறக்க மாட்டார். அவரைத் தனியாக உட்கார வைத்துப் பேச வேண்டும் என்று தெரிந்திருக்கணும். இதைப் புத்தகம் வைத்துப் படிக்க முடியாது. இதற்கான தயாரிப்பை ஒரு பள்ளி மாணவர் இன்றைக்கே ஆரம்பிக்கலாம். வீட்டில், பஸ்ஸில், டீக்கடையில் மனிதர்கள் கஷ்டத்தை எப்படிச் சொல்கிறார்கள் என்று காது கொடுத்துக் கேட்டாலே போதும்.

கோயிலுக்கும் தர்காவுக்கும் போறவங்களை என்ன சொல்றது?

நம்ம ஊரில் மனநோய் வந்தால் பலர் முதலில் போவது கோயில், தர்கா, சர்ச், மந்திரிப்பவர். "செய்வினை வச்சுட்டாங்க" என்று நம்புகிறவரிடம், "அதெல்லாம் மூடநம்பிக்கை" என்று ஒரே வார்த்தையில் சொன்னால் அடுத்த முறை அவர் வர மாட்டார்.

"சாமியையும் கும்பிடுங்க, மாத்திரையையும் விடாதீங்க" என்று சொல்லத் தெரிந்த டாக்டரிடம் நோயாளி தொடர்ந்து வருவார். நம்பிக்கையை மதிப்பது வேறு, சிகிச்சையை விட்டுக்கொடுப்பது வேறு.

அந்த எல்லை எங்கே இருக்கிறது என்பதற்கு ஏர்வாடி ஒரு பாடம். 2001 ஆகஸ்ட் 6 அன்று, ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டிப்போடப்பட்டிருந்த நோயாளிகளால் தப்பி ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். நாட்டையே உலுக்கிய அந்தச் சம்பவத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே முன்வந்து வழக்கை எடுத்தது.

இந்தத் துறைக்கு வரும் ஒவ்வொரு மாணவரும் இந்தத் தேதியை நினைவில் வைத்திருக்க வேண்டும். சிகிச்சை கிடைக்கும் தூரத்தில் இல்லாதபோது, குடும்பங்கள் சங்கிலியை நம்ப ஆரம்பிக்கின்றன.

சட்டமும் தெரிஞ்சிருக்கணும்

மற்ற துறை டாக்டர்களைவிட மனநல மருத்துவருக்குச் சட்ட அறிவு அதிகம் தேவை. ஒருவரை அவர் விருப்பமில்லாமல் ஆஸ்பத்திரியில் சேர்க்கும் நிலை இங்கேதான் வரும்.

மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017, 2018 மே 29 முதல் அமலில் இருக்கிறது. அதில் சில முக்கிய விஷயங்கள்:

நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதற்குத் தடை.

மயக்க மருந்து இல்லாமல் மின் அதிர்வு சிகிச்சை கொடுக்கத் தடை.

எனக்கு நோய் வந்தால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதி வைக்கும் உரிமை.

நோயாளி பற்றிய விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டிய கடமை.

தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்ததாகவே கருத வேண்டும், அவரைத் தண்டிக்கக் கூடாது என்ற பாதுகாப்பு.

ரகசியம் என்ற பழக்கம் காலேஜிலேயே ஆரம்பிக்க வேண்டும். வார்டில் பார்த்ததை ஹாஸ்டலில் வேடிக்கைக் கதையாகச் சொல்வது, போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் போடுவது எல்லாம் இந்தத் துறையில் மன்னிக்க முடியாத தவறுகள்.

பள்ளி மாணவர்கள் இப்பவே பழக வேண்டியது என்ன?

வார்த்தையை மாற்றுங்கள். 'லூசு', 'மென்டல்', 'கீழ்ப்பாக்கம் கேஸு' என்று ஜாலிக்குச் சொல்வதை நிறுத்துங்கள். உங்க கிளாஸிலேயே அம்மாவுக்கோ அண்ணனுக்கோ சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் ஒருவர் இருக்கலாம். அந்த வார்த்தைக்கு பயந்தே அவர் யாரிடமும் பேசாமல் இருக்கலாம்.

சினிமாவைக் கொஞ்சம் தள்ளி வைத்துப் பாருங்கள். சந்திரமுகி, அந்நியன் இரண்டும் 2005ல் வந்த படங்கள். இரண்டுமே ஒரே ஆள் வேறொரு ஆளாக மாறுவதைக் காட்டின. படமாகப் பார்க்க சுவாரஸ்யம்தான். ஆனால் மனநல வார்டில் தினமும் பார்ப்பது மனச்சோர்வு, பதற்றம், மனச்சிதைவு, பைபோலார், குடிநோய் போன்றவைதான். மனச்சிதைவு என்றால் 'ஆள் மாறுவது' என்று நினைப்பதும் தவறு. இல்லாத குரல் காதில் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம், யாரோடும் ஒட்டாமல் ஒதுங்கிப்போவது போன்றவைதான் அதன் அறிகுறிகள்.

பேசாமல் கேட்கப் பழகுங்கள். நண்பர் கஷ்டத்தைச் சொல்லும்போது, "இதுக்கெல்லாமா ஃபீல் பண்ற? எனக்கு எவ்ளோ கஷ்டம் தெரியுமா?" என்று நடுவில் புகுவது நம் எல்லோருக்கும் இருக்கும் பழக்கம். ஐந்து நிமிஷம் குறுக்கே பேசாமல், அறிவுரை சொல்லாமல் கேட்டுப் பாருங்கள். சொல்வதற்குத்தான் சுலபம்.

யாருக்கும் நோய்ப் பெயர் வைக்காதீர்கள். யூடியூப்பில் நாலு வீடியோ பார்த்துவிட்டு, "உனக்கு ஓசிடி", "எங்கப்பா நார்சிஸ்ட்" என்று சொல்வது பயிற்சி ஆகாது. டாக்டரே கூட முதல் சந்திப்பில் பல நேரம் முடிவு சொல்வதில்லை.

நண்பன் 'சாகலாம்னு தோணுது'ன்னு சொன்னா?

எம்.டி. முடிக்கும் வரை காத்திருக்காமல் எந்த மாணவருக்கும் வரக்கூடிய சூழ்நிலை இது. அதனால் இதைத் தெரிந்துகொள்வது அவசியம்.

முதலில், அதைப் பற்றி நேரடியாகக் கேட்கப் பயப்பட வேண்டாம். "உயிரை விடணும்னு நினைப்பு வருதா?" என்று கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. யாராவது கேட்க மாட்டார்களா என்று அவர் காத்துக்கொண்டிருக்கலாம்.

இரண்டாவது, "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றால் பண்ணாதீர்கள். "உன்னை விட்டுட்டுப் போகமாட்டேன், ஆனா நம்பிக்கையான ஒரு பெரியவர்கிட்ட சொல்லியே ஆகணும்" என்று சொல்லுங்கள்.

மூன்றாவது, அவரைத் தனியாக விடாதீர்கள். பெற்றோர், ஆசிரியர், ஹாஸ்டல் வார்டன் என்று ஒருவரை உடனே சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான்காவது, நீங்கள் அவருக்கு நண்பர், டாக்டர் கிடையாது. அவரை டாக்டரிடம் கொண்டுபோய்ச் சேர்ப்பது வரைதான் உங்க பொறுப்பு. இந்த எல்லையைத் தெரிந்து நடப்பதும் இந்தத் துறைக்கான ஒரு பயிற்சிதான்.

தமிழ்நாட்டில் வழிகாட்டிகள் இருக்காங்களா?

நிறையவே இருக்கிறார்கள். மனநல மருத்துவத்தில் தமிழ்நாட்டுக்கு நீண்ட வரலாறு உண்டு.

சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தின் வரலாறு 1794 வரை போகிறது. நாம் கிண்டலுக்குப் பயன்படுத்தும் அதே இடத்தில்தான் பல தலைமுறை மனநல மருத்துவர்கள் பயிற்சி பெற்றிருக்கிறார்கள். வேலூர் சி.எம்.சி.யின் மனநல மையம் 1957ல் பாகாயத்தில் தொடங்கியது. நோயாளியோடு குடும்பத்தாரும் தங்கி சிகிச்சையில் பங்கெடுக்கும் முறைக்கு அது பெயர் பெற்றது. மாவட்ட மனநலத் திட்டம் 1996ல் நாட்டில் முதன்முதலாகத் தொடங்கப்பட்ட மாவட்டங்களில் திருச்சியும் ஒன்று.

இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படும் டாக்டர் சாரதா மேனன் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 1961ல் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையின் கண்காணிப்பாளர் ஆனார். பணி ஓய்வுக்குப் பிறகும் சும்மா இருக்கவில்லை. மனச்சிதைவு நோயாளிகளுக்காக 1984ல் ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். 1992ல் பத்மபூஷண் விருது பெற்றார். 2021 டிசம்பரில், 98 வயதில் காலமானார். 'பொண்ணுக்கு எதுக்கு இந்த வேலை?' என்று கேட்பவர்களுக்கு அவர் வாழ்க்கையைச் சொல்லலாம்.

வீட்டில் கேட்கும் கேள்விகள்... நேரடி பதில்கள்

'பழகிப் பழகி அதே நோய் வந்துடாதா?' வராது. மனநோய் தொற்றுநோய் இல்லை. ஆனால் மற்றவர் துயரத்தைத் தினமும் கேட்பதால் மனச் சோர்வு வரலாம். அதனால் சீனியர்களிடம் மனம் விட்டுப் பேசுவது, விடுமுறை எடுப்பது, தேவைப்பட்டால் தானும் சிகிச்சை எடுப்பது இந்தத் துறையில் சகஜம்.

'அடிப்பாங்களே, பயமா இருக்காதா?' மனநோய் உள்ளவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள்தான் அடியும் ஏச்சும் வாங்குகிறார்கள். கடும் கொந்தளிப்பில் சிலர் வருவது உண்டு. அவர்களை எப்படிப் பாதுகாப்பாகக் கையாள்வது என்பது எம்.டி. பயிற்சியிலேயே உண்டு.

'ஆபரேஷன் கிடையாது, என்ன வருமானம் வரும்?' பெரிய அறுவை சிகிச்சைத் துறைகளோடு ஒப்பிட்டால் ஆரம்பத்தில் குறைவாகத் தெரியலாம். ஆனால் அரசு மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி, தனியார் கிளினிக், போதை மறுவாழ்வு மையம், ஆராய்ச்சி, தொலைபேசி ஆலோசனை என்று வழிகள் பல. கிளினிக் தொடங்க விலை உயர்ந்த கருவிகள் தேவையில்லை. ரெண்டு நாற்காலி, கதவு சாத்தினால் வெளியே சத்தம் கேட்காத ஒரு அறை இருந்தால் போதும்.

'எனக்கே முன்னாடி டிப்ரஷனுக்கு சிகிச்சை நடந்திருக்கு. நான் வரலாமா?' சிகிச்சை எடுத்தவர் டாக்டராகக் கூடாது என்று ஒன்றும் இல்லை. ஆனால் தன்னைச் சரிசெய்துகொள்வதற்காக மட்டும் இந்தத் துறையைத் தேர்வு செய்யாதீர்கள். முதலில் உங்க சிகிச்சையை முடியுங்கள், உடம்பும் மனசும் தெம்பாகட்டும். நோயாளியின் இடத்தில் இருந்த அனுபவம் பின்னாளில் நிச்சயம் உதவும்.

கடைசியா ஒரு விஷயம்

நீட்டுக்கு கோச்சிங் இருக்கிறது, நீட் பி.ஜி.க்கு ஆப் இருக்கிறது. எதிரில் உட்கார்ந்திருப்பவர் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்கும் வரை காத்திருக்கக் கற்றுக்கொடுக்க எந்த கோச்சிங் சென்டரும் இல்லை. அதை நாமேதான் பழகணும்.

அதனால் இன்று ராத்திரி அப்பா மறுபடியும் "பைத்தியக்கார டாக்டரா?" என்று கேட்டால் கோபப்பட்டு எழுந்து போய்விடாதீர்கள். அவர் எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். ஒருவேளை அவருக்குத் தெரிந்த யாருக்கோ இந்த நோய் வந்திருக்கலாம்; அவர் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கலாம். அதை அவர் சொல்லும் வரை பொறுமையாகக் கேட்டீர்கள் என்றால், உங்க முதல் பயிற்சி ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

மன உளைச்சலில் இருக்கிறீர்களா? தற்கொலை எண்ணம் வருகிறதா? தயங்காமல் பேசுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ்: 14416. தமிழ்நாடு அரசின் சுகாதார உதவி எண்: 104. சினேகா தற்கொலைத் தடுப்பு மையம்: 044-24640050.